கும்பிட்ட சக்கரம் வெடிக்காது

நீ சிரிச்சதை நான் பார்த்துட்டேன் அம்மிணி. பரவாயில்ல, சிரிச்சா என்ன. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிச்சிட்டு இருக்கறப்ப, தலை நரைச்ச பொம்பளை ஒருத்தி முன்சக்கரத்துக்கிட்ட குத்த வெச்சு, கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு இருந்தா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். கண்டக்டர் தம்பியே கேட்டுச்சே, "ஏனுங்கம்மா, செருப்பு உள்ள போயிருச்சுங்களா?"ன்னு. "இல்ல சாமி, கும்பிடறேன்"னேன். "வெரசாக் கும்பிட்டுட்டு ஏறுங்க"ன்னு விசிலை ஊதிருச்சு. அதனால இந்தப் பக்கத்துச் சக்கரத்தோட நின்னு போச்சு. டிரைவர் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகவே முடியல. அது ஒண்ணுதான் எனக்கு மனசுல உறுத்திட்டே இருக்குது.

பை குத்துதா? இந்தப் பக்கம் வெச்சுக்கறேன். உள்ள குடைக்கம்பி இருக்குது. குடை இல்ல, கம்பி மட்டும்தான். எதுக்குன்னு சொல்றேன், கேளு.

என் பேரு நல்லம்மா. வள்ளிபுரத்துக்குப் பக்கம். அஞ்சாவது வரைக்கும் படிச்சேன், அதுக்கு மேல எங்கப்பா அனுப்பல. எனக்கு ரெண்டு. மகளைத் திருப்பூர்ல குடுத்திருக்குது. மகன் குணசேகரன் லாரி வெச்சிருக்கான், அவனே ஓட்டறான். இன்னைக்குப் புது லாரி எடுக்கறான் அம்மிணி. சேலத்துல பூஜை. பழைய வண்டிக்குப் பத்துச் சக்கரம், இதுக்குப் பதினாலாம். இரும்புக் கம்பி லோடு ஏத்தி, பூஜை போட்டு, அப்படியே தொப்பூர் மலை ஏறி பெங்களூருக்குப் போறான். "அம்மா, நீ வந்து உங்கையால சக்கரத்துக்கெல்லாம் பொட்டு வெச்சாத்தான் வண்டிய எடுப்பேன்"னுட்டான். வெள்ளிக்கிழமை பாரு, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள நான் போயிப் பதினாலு சக்கரத்தையும் முடிக்கணும். பொட்டு வெக்கறது பெரிய வேலை இல்ல. பொட்டோட இன்னொரு வேலை இருக்குது. அதுக்குத்தான் நேரம் வேணும்.

லாரிக்காரனைப் பெத்தவளுக்கு எது பயம்னு நினைக்கறே? பிரேக்கா? தூக்கமா? இல்ல அம்மிணி. டயர். பெரிய வண்டியில லோடோட போறப்ப டயர் வெடிச்சா, ஓட்டறவன் கையில ஒண்ணும் இல்ல. வண்டி அதும்பாட்டுக்கு எந்தப் பக்கம் நினைக்குதோ அந்தப் பக்கம் போகும். முன்டயர் வெடிச்சா கேக்கவே வேண்டாம். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு லாரி. வீட்டுக்கு வீடு என்னை மாதிரி ஒருத்தி சாமி ரூம்ல உக்காந்திருக்கா. ஆனா டயர் எதனால வெடிக்குதுன்னு ஒருத்தியும் யோசிக்கல. நான் யோசிச்சேன்.

எங்க ஊர் முக்குல சகாயம்னு ஒருத்தர் டயர் கடை வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் கடையத் திறப்பாரு. ஒரு நாள் நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றேன். லாரி டயர் ஒண்ணைக் கீழ போட்டுக் காத்தடிச்சிட்டு இருந்தாரு. அடிக்க அடிக்க அது உப்புது. நான் தாண்டிப் போயி நாலு வீடு தள்ளல, டமார்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கடைக்குள்ள ஒரே புழுதி. சகாயம் நல்லவேளை பீடி வாங்க எதிர்த்த கடைக்குப் போயிருந்தாரு. அவரோட சாப்பாட்டு டப்பா பறந்து போயி, மூணாவது வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியில விழுந்திருச்சு. ரசம் சோறு. அந்த வீட்டுல ரெண்டு நாளைக்குக் குழாயைத் திறந்தாக் கொத்தமல்லி வந்துச்சு.

எல்லாரும் டயர் பழசு, ரிம்மு சரியில்லன்னு ஆளாளுக்கு ஒண்ணு பேசினாங்க. நான் வீட்டுக்கு வந்து முனியப்பன் படத்துக்கு முன்னாடி உக்காந்தேன். யோசிச்சேன். அந்த டயரு ஓடிச்சா? ஓடல. லோடு இருந்துச்சா? இல்ல. வெயில்ல கெடந்துச்சா? நிழல்லதான் கெடந்துச்சு. அப்புறம் எதனால வெடிச்சுது? காத்து. உள்ள போன காத்துதான் அம்மிணி எமன். காத்தில்லாத டயரு எங்கியாவது வெடிச்சு நீ பாத்திருக்கியா? தேர்த் திருவிழாவுல பலூன் வாங்கறோம். ரொம்ப ஊதினது வெடிக்குது. தொளதொளன்னு இருக்கறதைக் கொழந்தை மேல ஏறி உக்காந்தாலும் ஒண்ணும் ஆகறதில்ல. இதுக்குப் படிப்பு எதுக்கு?

அன்னைக்கு முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டேன். "சாமி, எம்மவன் வண்டி வீட்டு வாசல்ல இருந்து கிளம்பற ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு சக்கரத்துல இருந்தும் கொஞ்சம் காத்தை எங்கையால எடுத்து விட்டுடறேன். மிச்சத்தை நீ பாத்துக்க"ன்னு.

அவ்வளவுதான் அம்மிணி என் வேண்டுதல்.

எப்படின்னா, குணசேகரன் முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே சகாயம் கடையில நிறுத்தி எல்லாச் சக்கரத்துக்கும் காத்து புடிச்சிட்டுத்தான் வருவான். அதுல ரொம்பக் கறார். காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, சாப்பிட உக்காருவான். அந்த நேரத்துல நான் தட்டை எடுத்துட்டு வெளிய வருவேன். மஞ்சள், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒரு பொட்டு. பொட்டு வெக்கறாப்புல குனிஞ்சு, காத்தடிக்கற மூக்கு இருக்குதில்ல, அதோட மூடியத் திருகி எடுத்து, கொண்டை ஊசியால நடுவுல ஒரு அழுத்து. ஸ்ஸ்ஸ்னு வரும். கண்ணை மூடிட்டு முனியப்பன் பேரைச் சொல்லுவேன். மனசு நெறையற வரைக்கும் சொல்லுவேன். அப்புறம் மூடியப் போட்டுட்டு அடுத்த சக்கரம். கண்ணுக்குத் தெரியற அளவுக்கெல்லாம் எடுக்க மாட்டேன். பாவம், அதுவும் மூச்சு விடட்டும்னு கொஞ்சம்.

யார்கிட்டயும் சொல்லல. வேண்டுதலை வீட்டு ஆளுங்ககிட்டச் சொன்னாப் பலிக்காதில்ல? நீ வழியில பாத்த பிள்ளை. உங்கிட்டச் சொன்னாக் குத்தமில்ல.

மருமக சுகந்திதான் ஒரு நாள் கேட்டுட்டா. அவ கெட்டிக்காரி, காது கூர்மை. "அத்தை, ஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, நீங்க அங்கதான நின்னீங்க?"ன்னா. நான் பொய் சொல்ல மாட்டேன் அம்மிணி, வெள்ளிக்கிழமை அதுவும். "கேட்டுச்சு கண்ணு. நல்லதுக்குத்தான்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ முகம் வெளுத்துப் போச்சு. "நாகமா அத்தை?"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. சாமி பேரைச் சொல்லி ஒருத்தி கேக்கறப்ப இல்லன்னு எப்படிச் சொல்றது?

சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு, குணசேகரன் வண்டிக்கு நாகம் காவல் இருக்குதுன்னு. வண்டி நிக்கற எடத்துல கிண்ணத்துல பால் வெச்சாங்க. எதிர்வீட்டு ருக்மணி தெனமும் முட்டை கொண்டாந்து வெச்சா. நாமக்கல்ல முட்டைக்கென்ன பஞ்சம். காலையில பாத்தாப் பாலும் இருக்காது, முட்டையும் இருக்காது. எல்லாரும் கன்னத்துல போட்டுக்குவாங்க. எங்க வீட்டுச் சாம்பல் பூனை மட்டும் மாசமா இருக்கற மாதிரி நடந்துட்டுத் திரிஞ்சுது. அது கடுவன்.

என்ன அம்மிணி, கம்பியப் புடிச்சிட்டே? வண்டி கொஞ்சம் இந்தப் பக்கமா இழுக்குதுதான். ரோடு அப்படி. ஒக்காரு.

ஆனா பாரு, நான் இத்தனை பண்ணியும் ஒரு டயர் வெடிச்சுது. ஜவ்வரிசி லோடு ஏத்திட்டுப் போறான், தூறல் போட்டுட்டு இருக்குது. பின்னால டமார். வண்டி ஆடி ஓரத்துல சாய்ஞ்சுக்கிச்சு, மூட்டைங்க அவுந்து ரோடெல்லாம் ஜவ்வரிசி. தண்ணி பட்டதும் அது வழுவழுன்னு ஆயிருச்சு. பைக்ல வந்த போலீஸ்காரர் ஒருத்தர் வண்டிய விட்டு எறங்காமலே வழுக்கிட்டு வந்து, எம்மவன் காலடியில உக்காந்துட்டாராம். "எந்திரிங்க சார்"னு இவன் கையக் குடுக்க, இவனும் உக்காந்துட்டான். ரெண்டு பேரும் உக்காந்த எடத்துல இருந்தே விசாரணை நடந்துச்சு. பக்கத்து ஊர்க்காரங்க குண்டாவோட வந்து அள்ளிட்டுப் போயி, சாயங்காலம் ஊரே பாயசம். எம்மவனுக்கும் ஒரு டம்ளர் குடுத்திருக்கறாங்க. நல்ல மனுசங்க.

நான் ஒண்ணுதான் கேட்டேன். "எந்தச் சக்கரம் கண்ணு?" "பின்னால ஜோடியா இருக்குதில்லம்மா, அதுல உள்பக்கம்"னான்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஏன்னா என் கொண்டை ஊசி வெளிச்சக்கரத்துக்குத்தான் எட்டும். உள்சக்கரத்து மூக்கு எங்கியோ ஆழத்துல இருக்குது. எங்கை பட்ட சக்கரம் அத்தனையும் நல்லா இருக்குது. எங்கை படாத சக்கரம் வெடிச்சிருக்குது! சாமி இதை விட வெளிச்சமா எப்படிச் சொல்லும்? அன்னைக்கே பரண்ல இருந்த பழைய குடையப் பிரிச்சு ஒரு கம்பிய எடுத்துட்டேன். இந்தா, இதுதான். நுனி வளைஞ்சிருக்குது பாரு, அது இடுக்குல விட்டுத் திருப்பறதுக்கு வாகா இருக்கும். அதுல இருந்து பத்துச் சக்கரமும் எங்கணக்குல வந்திருச்சு.

அடுத்தது பிளாஸ்டிக் குடம் லோடு. அதுலயும் வெடிச்சுது. பொய் சொல்லுவானேன். அன்னைக்கு ருக்மணி வந்து பேச்சுக் குடுத்துட்டா, ஒரு சக்கரத்தை விட்டுட்டேனோ என்னவோ. அதாத்தான் இருக்கும். செவப்பும் பச்சையுமா குடமெல்லாம் உருண்டு எறக்கத்துல போயி, கீழ மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கப் போயிட்டு இருந்த கூட்டத்துக்குள்ள புகுந்திருச்சு. குடமில்லாமப் போயிட்டிருந்த பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. ஆத்தாளே அனுப்பினதுன்னு குலவை போட்டாங்களாம். ஒண்ணு கூடத் திரும்பி வரல.

இதையெல்லாம் கேக்கறவங்க சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். ஆனா குணசேகரன் சிரிக்கல அம்மிணி. மத்தியானம் சாப்பிட உக்காந்தான், சோத்தைப் பிசைஞ்சான், வாயில வெக்கல. "அம்மா, அந்த நேரத்துல ஸ்டீரிங் எம்பேச்சைக் கேக்கலம்மா. எதிர்ல ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சு. வேனுக்குள்ள ஒரு பொண்ணு ரிப்பனைச் சரி பண்ணிட்டு இருந்துச்சு. அவ்வளவு கிட்டத்துல பாத்தேன்"னான். எழுந்து போயிக் கையைக் கழுவிட்டுப் படுத்துட்டான்.

அதைக் கேட்டதுல இருந்து நான் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இன்னும் கொஞ்ச நேரம் கூட்டிக் கும்பிட ஆரம்பிச்சேன்.

பாவம், சகாயத்துக்குத்தான் கெட்ட பேரு. குணசேகரன் நேராப் போயி அவரு சட்டையப் புடிச்சுட்டான். "நேத்து சாயங்காலம் காத்து புடிச்ச வண்டி, இன்னைக்கு எப்படிய்யா காத்துக் கொறையும்? உம் மீட்டர் தப்பு!" அவரு சிலுவை மேல சத்தியம் பண்ணினாரு, மீட்டர் சரியா இருக்குதுன்னு. யாரு கேட்டாங்க. ஒருத்தன் பேச ஆரம்பிச்சா ஊரே பேசும். லாரியெல்லாம் அவரு கடையத் தாண்டி அடுத்த கடைக்குப் போக ஆரம்பிச்சுது. புது மீட்டர் வாங்கினாரு. அதுலயும் அதே அளவுதான் காட்டுச்சு. எனக்கு மனசு கேக்கல. கொள்ளுப் பருப்புக் கடைஞ்சு, சோறு கட்டி எடுத்துட்டுப் போனேன். மனுசன் கண்ணுல தண்ணி. "அம்மா, எம் மேல தப்பில்லம்மா. காத்துக் கம்மியா ஓடினா டயரு சூடாகித்தான் வெடிக்கும். யாரோ ராத்திரியில காத்தைப் புடுங்கறாங்க"ன்னாரு.

"ஏனுங்க சகாயம், காத்தைப் போயி யாராச்சும் திருடுவாங்களா?"ன்னு கேட்டேன். பாவம், கவலையில புத்தி தடுமாறிப் போச்சு அவருக்கு. கம்மியா இருந்தா வெடிக்குமாம்! அவரு கடையிலயே நிறைய அடிச்சுத்தான வெடிச்சுது? சோறு பறந்து போனது மறந்து போச்சா? அவரு சாமி வேறயா இருந்தா என்ன, அவருக்காகவும் ஒரு நெய் விளக்குப் போட்டேன்.

யாரு அது பின்னால சத்தம் போடறது? ஆடுது ஆடுதுன்னு. பஸ்ஸுன்னா ஆடத்தான் செய்யும். நீ கேளு.

நடுவுல மகளுக்குப் பிரசவம். திருப்பூர் போயி ஒரு பருவம் பூரா அங்கதான் இருந்தேன். கைக்கொழந்தையக் குளிப்பாட்டறப்பவும் எனக்கு லாரி நினைப்புத்தான். தெனமும் போன் போட்டுக் கேப்பேன், "வெடிச்சுதா கண்ணு?" "இல்லம்மா." "வெடிச்சுதா?" "இல்லம்மா, ஏம்மா இதையே கேக்கறே?" ஒண்ணு கூட வெடிக்கல அம்மிணி. நான் அங்கிருந்தே அவ்வளவு கும்பிட்டேன். தூரத்துல இருந்தாலும் தாயோட வேண்டுதல் போயிச் சேரும்கறதுக்கு அது அத்தாட்சி.

ஊருக்குத் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில தட்டை எடுத்தேன், ஆசை தீரப் பத்துச் சக்கரத்தையும் கும்பிட்டேன். வண்டி கெளம்பி, வெயில் ஏறி, மத்தியானம் போன் வருது. டமார்.

நான் வந்த மறுநாளே! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. உக்காந்து அழுதேன். அப்புறம் தோணுச்சு, நல்லவேளை நான் வந்தேன். வராம இருந்திருந்தா இன்னும் எத்தனை வெடிச்சிருக்குமோ.

அப்பத்தான் சுகந்தி ஜோசியரைக் கூட்டிட்டு வந்தா. அவரு வாசல்ல நின்னாரு, பால் கிண்ணத்தைப் பாத்தாரு, பூனையப் பாத்தாரு. "நாகம் இருக்கறது நெசம். ஆனா அது காவல் இல்ல, கோவம். இந்த வாசல்ல வண்டி நிக்கவே கூடாது"ன்னுட்டாரு. குணசேகரன் அன்னைக்கே வண்டியக் கொண்டு போயி பைபாஸ் பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டான். வீட்டுப் பக்கமே கொண்டு வர்றதில்ல. நான் போயிப் பாக்கலாம்னாலும், "வீட்டுப் பொம்பளைங்க யாரும் அந்த வண்டிகிட்ட வரக்கூடாதாம்மா"ன்னுட்டான். சரி, பெரியவங்க சொன்னா மீற முடியுமா?

அதுல இருந்து ஒண்ணும் வெடிக்கல. மழை போச்சு, பனி போச்சு, வெயில் வந்துச்சு, ஒண்ணும் வெடிக்கல. வண்டி நல்லா ஓடுச்சு, புது வண்டிக்கே முன்பணம் கட்டிட்டான். ஜோசியருக்கு இப்ப எவ்வளவு கிராக்கி தெரியுமா? ஊர்ல ஒரு லாரியும் வீட்டு வாசல்ல நிக்கறதில்ல. ருக்மணி மட்டும் இன்னும் முட்டை வெக்கறா, பூனைக்காக.

எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு குறை. வேண்டிக்கிட்டதை நிறுத்திட்டமேன்னு. முனியப்பன் ஒரு தடவை பொறுப்பாரு, ரெண்டு தடவை பொறுப்பாரு. அதனாலதான் அவன் "புது வண்டிக்கு நீதான் பொட்டு வெக்கணும்"னு சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. சேலத்துல நிக்கற வண்டி, வீட்டு வாசலே அது பாக்கல, தோசமும் இல்ல. இரும்பு லோடு வேற. அவ்வளவு பாரத்துக்கு உள்ள எவ்வளவு காத்து அடிச்சிருப்பாங்க! விட்டு வெச்ச பாக்கி எல்லாத்தையும் சேத்து, பதினாலு சக்கரத்துக்கும் நல்லா நெறைய...

ஐயோ! என்ன இப்படி ஓரங்கட்டறான்? முருகா!

மெதுவா எறங்கு அம்மிணி, எங்கையப் புடிச்சுக்க. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லயே? டிரைவர் கெட்டிக்காரரு, ஆண்டகளூர் கேட் ஸ்டாப் கூட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே உணர்ந்து நிறுத்திட்டாரு. "ஸ்டீரிங் இழுத்துட்டே இருந்துச்சுங்க, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா அவ்வளவுதான்"னு சொல்லிட்டு இருக்கறாரு. தண்ணி குடிங்க சாமி. எல்லாம் சாமி செயல்.

எங்க, சக்கரத்தைக் காட்டு. அட, இந்தப் பக்கத்துது! நான் கும்பிட்டது! பாத்தியா அம்மிணி? பாத்தியா? வெடிக்கல. எப்படி அமைதியா, எருமை படுத்தாப்புல உக்காந்திருக்குது பாரு. கும்பிட்ட சக்கரம் வெடிக்காது. எனக்கு இப்பவும் அந்தப் பக்கத்துச் சக்கரத்தை நினைச்சாத்தான் பயமா இருக்குது. அது கல்லாட்டம் நிக்குது.

மாத்து டயரும் காத்தில்லாமத்தான் கெடக்குதாமா? அதை நான் தொடவே இல்ல. அது இவங்க சோம்பேறித்தனம்.

வேற பஸ் வர எவ்வளவு நேரமாகும் தம்பி? அரை மணியா? ஐயோ, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமே. அம்மிணி, இந்தப் போன்ல பச்சைப் பொத்தானை அமுக்கிக் குடு, கண்ணு தெரிய மாட்டேங்குது.

"குணசேகரா... நான்தான் கண்ணு. பஸ்ஸு நின்னு போச்சுடா... எனக்கொண்ணுமில்ல, நான் நல்லா இருக்கறேன்... என்னது? லோடு ஏறிருச்சா? ... சுகந்தி பொட்டு வெச்சுட்டாளா? ... கொஞ்சம் பொறுடா, நான் ஆட்டோ புடிச்சாச்சும் வந்தர்றேன்... டேய்... ராகு காலம் எனக்குந் தெரியும்... காத்து? காத்து எப்படிடா இருக்குது?"

கேட்டியா அம்மிணி, என்ன சொல்றான்னு? "எல்லாம் புல்லா இருக்குதும்மா. நானே தட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்குது"ங்கறான். கல்லு மாதிரி! பதினாலும் கல்லு மாதிரி! கொஞ்சம் எறக்கிட்டுப் போ கண்ணுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டாப் பலிக்காதே. பல்லைக் கடிச்சிட்டு, "பாத்துப் போ சாமி"ன்னேன். ஆரனடிச்சுட்டுக் கெளம்பிட்டான். போன்ல கேட்டுச்சு பாரு ஆரன். நல்ல சத்தம்.

போயிட்டான். ஒரு சக்கரத்துல கூட எங்கை படல.

நீ எதுக்கு அழுவறே அம்மிணி? எம்மவனுக்காகவா? உனக்கு எவ்வளவு நல்ல மனசு. எங்கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "இனிமே சக்கரத்தைத் தொடவே தொடாதீங்கம்மா, என் மேல சத்தியம்"கறே. என்ன பேச்சு இது. பயத்துல ஒண்ணும் புரியாமப் பேசறே. நீ சின்னப் பிள்ளை, இப்பத்தான் செத்துப் பொழைச்ச மாதிரி இருக்குது, அதான். பொழைச்சது எதனால? அதை யோசி. ஒரு சக்கரம் கும்பிட்டதுக்கே இவ்வளவு பலன். இத்தனை பேரு, கைக்கொழந்தையோட அந்தப் பொம்பளை, அந்தக் காலேஜ் பிள்ளைங்க, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

முனியப்பா, எம்மவனை மலை ஏத்தி விட்டுரு. இங்க கும்பிடறதையெல்லாம் அவன் கணக்குல வெச்சுக்க. தூரத்துல இருந்தாலும் போயிச் சேரும். திருப்பூர்ல இருந்தே போயிச் சேந்துச்சே.

அதோ பாரு, வேற பஸ் வந்திருச்சு. எல்லாரும் ஏறட்டும், கூட்டம் அந்தக் கதவுப் பக்கம் போயிருச்சு, நல்லதாப் போச்சு. இந்தத் தடவை விசிலுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிச்சிரணும். கையை விடு அம்மிணி. விடுன்னா... சரி, சரி, அவ்வளவு ஆசையா இருந்தா நீயும் வா. இந்தா, கொண்டை ஊசிய நீ வெச்சுக்க, எனக்குக் கம்பி இருக்குது. நீ டிரைவர் பக்கத்துச் சக்கரத்துக்குப் போ, நான் இந்தப் பக்கம் குனிஞ்சுக்கறேன். ரெண்டு பேருமாக் கும்பிட்டா வெரசா முடிஞ்சிரும்.